தோணிக்கு ஒரு கெடு, தண்டலுக்கு ஒரு கெடு

கோவையில் கடல் வழக்கு நடத்தியவன் என்று என்னை அறிமுகப்படுத்தினால் கோர்ட் பார் அறையில் இன்றும் சிரிப்பார்கள். "நொய்யல்ல கப்பல் முங்கிருச்சுங்களா?" என்று கேட்பார் ஒரு சீனியர். கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகள் கடல் தாண்டிய காலத்திலிருந்தே கொங்கு நாட்டுச் சரக்குக்குக் கடலோடு கணக்கு உண்டு என்பது அவருக்கும் தெரியும். கேலி செய்வதில் ஒரு சுகம், அவ்வளவுதான்.

கட்சிக்காரர் கோவை கணபதியில் பம்பு செட் பட்டறை வைத்திருந்தவர். மாலத்தீவிலிருந்து ஒரு ஆர்டர் கிடைத்தது. சரக்கு ஒரு கன்டெய்னர் நிறையாது. தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணி ஏற்றினால் வாடகையும் குறைவு. லாரி தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் போய்ச் சரக்கை இறக்கியது. தோணி என்றதும் மீன்பிடி வள்ளத்தை நினைத்துவிட வேண்டாம். நூற்றுக்கணக்கான டன் சுமக்கும் மரக்கலம் அது. இஞ்சின் வந்து பல வருடமாகியும் பாய்மரத்தை எடுக்கவில்லை. சட்டத்தின் கணக்கிலும் அது பாய்மரக் கலம்தான்.

மாலேக்கு மூன்று நான்கு நாள் ஓட்டம். பத்து நாளாகியும் போய்ச் சேரவில்லை. தேடினார்கள், ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. மாதங்கள் போயின. நம்மவர் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினார்.

காப்பீட்டுச் சட்டத்தின் 64-யுஎம் பிரிவுப்படி பெரிய நட்டங்களை உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்து அறிக்கை தர வேண்டும். வந்த சர்வேயர் ஒரு படிவம் நீட்டினார். சேதமடைந்த பொருள்களின் புகைப்படம் கேட்டிருந்தது அதில். நம்மவர் அந்தக் கட்டத்தில் நிதானமாக எழுதினார்: "பொருள் கடலுக்கு அடியில் இருக்கிறது." அந்தப் படிவத்தின் நகல் என் வழக்குக் கோப்பில் இருந்தது. வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் அதுதான்.

பணம் தர முடியாது என்று வந்த கடிதத்தில் இரண்டு காரணங்கள். பாலிசி குறுகலானது; தீ, தரைதட்டல், மூழ்கல், கவிழ்தல் போன்ற சில விபத்துகளுக்கு மட்டும் பொருந்தும். தோணி மூழ்கியதற்குச் சாட்சி இல்லை. வேறு கரையில் ஒதுங்கிச் சரக்கை விற்றிருக்கவும் கூடும். இது முதலாவது. மூழ்கியதாகவே வைத்துக்கொண்டாலும் அது கடலோடத் தகுதியில்லாத பழைய தோணி என்பது இரண்டாவது.

தொகை அன்றைய மாவட்ட நுகர்வோர் மன்றத்தின் வரம்பான 20 லட்சத்துக்குள் அடங்கியதால் அங்கேயே புகார் தாக்கல் செய்தேன். சிக்கலான வழக்கு, சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும் என்றது எதிர்த்தரப்பு. காப்பீட்டு வழக்கில் இதைச் சொல்லாத பதிலுரையை நான் பார்த்ததே இல்லை.

1963-ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தை அதற்குமுன் நான் முழுதாகப் படித்ததில்லை. 1906-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டி எழுதியது. அதன் அட்டவணையில் உள்ள மாதிரிப் பாலிசியோ இன்னும் பழையது. லண்டன் லாயிட்ஸ்காரர்கள் 1779-இல் ஏற்றுக்கொண்ட வாசகத்திலிருந்து வந்தது. கடற்கொள்ளையர், பகைவர், மன்னர்களின் சிறைபிடிப்பு, பாரம் குறைக்கக் கடலில் எறிந்த சரக்கு என்று பாய்க்கப்பல் காலத்து அச்சமெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். 58-ஆம் பிரிவும் அந்தக் காலத்துப் பிள்ளைதான். கப்பல் காணாமல் போய், நியாயமான காலம் கழிந்தும் சேதி இல்லையென்றால் முழு நட்டம் என்று அனுமானிக்கலாம். எத்தனை மாதம் என்று சட்டம் சொல்லவில்லை. கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முன், துறைமுகம் விட்ட கப்பல் மறு துறைமுகம் சேரும்வரை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. 1799-இல் டச்சுக் கரையோரம் மூழ்கிய லூட்டின் என்ற போர்க்கப்பலின் மணியை எடுத்து லாயிட்ஸ் கூடத்தில் மாட்டினார்கள். அந்நாளில், வராத கப்பல் வந்துவிட்டால் மணியை இரண்டு முறை அடிப்பார்கள், தொலைந்தால் ஒரு முறை.

58-ஆம் பிரிவால் முழு நட்டம் என்பது கிடைத்தது. மூழ்கியே தொலைந்தது என்பதற்கு வேறு பிடி வேண்டும். அந்தப் பிடி, 'கிரீன் எதிர் பிரௌன்' என்ற 1743-ஆம் ஆண்டு வழக்கு. வட கரோலினாவிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட 'சார்மிங் பெக்கி' என்ற கப்பலை 1739-இல் காப்பீடு செய்திருந்தார்கள். யாராவது சிறைபிடித்தால் பணம் கிடையாது என்பது நிபந்தனை. புறப்பட்ட கப்பலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மூழ்கியது என்று நிரூபி என்றது எதிர்த்தரப்பு. கப்பலில் இருந்த அனைவரும் மாண்டதாகவே கொள்ள வேண்டிய நிலையில் அதற்கு மேல் உறுதியான சாட்சி கேட்பது நியாயமில்லை என்றது நீதிமன்றம். பட்டறைக்காரரின் வழக்கு இதுவேதான். ஊரும் வருடமும் மட்டும் மாறியிருந்தன.

சட்டம் மட்டும் போதாது. அதே வாரம் கடலில் இருந்த இன்னொரு தோணியின் தண்டல், அதாவது தோணித் தலைவர், தூத்துக்குடியிலிருந்து என் அலுவலகம் வந்து வாக்குமூலம் கொடுத்தார். மேசையிலிருந்த கோப்புக் கயிற்றை எடுத்து, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே விரலால் அழுத்தி அழுத்தித் திணித்துக் காட்டினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை இப்படித்தான் அடித்து இறுக்குவார்களாம். கடல் புரட்டும்போது ஏதாவது ஓரிடத்தில் அது பிதுங்கிவிட்டால் தண்ணீர் ஏறும். இஞ்சின் நனைந்துவிட்டால் இறைக்கவும் வழியில்லை. "இரும்புச் சரக்கு அய்யா. முங்குனா ஒரே முங்குதான். மேல ஒண்ணும் மிதக்காது." பலகைகூடக் கிடைக்காததற்கு அதைவிட நல்ல விளக்கத்தை எந்த நிபுணரும் தந்திருக்க மாட்டார்.

இரண்டாவது காரணத்துக்குப் பாலிசியோடு இணைத்திருந்த சரக்குக் காப்பீட்டு ஷரத்துகளே பதில் வைத்திருந்தன. கலம் தகுதியற்றது என்பது சரக்கு ஏற்றும்போதே காப்பீடு எடுத்தவருக்குத் தெரிந்திருந்தால்தான் மறுக்கலாம். நம்மவரைக் கேட்டேன். "ஏனுங்க, திருச்செந்தூர்ல கால் நனைச்சதோட செரிங்க. தோணிக்கு முன்ன எது, பின்ன எதுன்னு எனக்கென்னங்க தெரியும்?" இதைக் கொஞ்சம் கோர்ட்டுத் தமிழாக்கி வாக்குமூலத்தில் சேர்த்தேன். தோணி என்று தெரிந்துதான் நிறுவனம் கூடுதல் பிரீமியம் வாங்கியது என்பதற்கு ரசீதே சாட்சி. தீர்ப்பு எங்கள் பக்கம். வட்டியோடு பணம் வந்தது.

அந்தத் தீர்ப்பின் நகல் கேட்டு ஒரு பெண் வந்தார். தொலைந்த தோணியின் தண்டலுடைய மனைவி. சரக்கு போனதாக எழுதியாயிற்று, அவர் போனதாக எழுத என்ன செய்ய வேண்டும் என்றார். கப்பலுக்கு நியாயமான காலம் போதும். மனிதருக்கு அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு. இன்றைய சாட்சியச் சட்டத்தின் 111-ஆம் பிரிவிலும் அதே ஏழு. அதுவும் இறந்தார் என்றுதான் அனுமானம். என்று இறந்தார் என்பதற்கு அனுமானம் இல்லை என்று எல்ஐசி எதிர் அனுராதா வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது கணவரின் ஆயுள் பாலிசிக்கு மனைவி பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு செட்டுக்குக் காட்டும் தாராளத்தைப் பம்பு செட்டைக் கொண்டுபோனவருக்குச் சட்டம் காட்டவில்லை. எனக்கு இது இன்றுவரை ஒப்பவில்லை.

ஒரு வாசல் திறந்திருந்தது. அன்று நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மாலுமிகளுக்கானது. கப்பல் ஆட்களோடு தொலைந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து 18 மாதத்துக்குள் கோரிக்கை வைக்கலாம் என்றது அது. தூத்துக்குடி நண்பர் ஒருவர் மனுவைத் தாக்கல் செய்தார். எங்கள் தீர்ப்பின் நகலும் அதில் ஓர் ஆவணம். இழப்பீடு கிடைத்தது. ஆயுள் பாலிசிக்கு மட்டும் ஏழு ஆண்டும் பிரீமியம் கட்டினார், நகையை வைத்து. சிவில் கோர்ட் இறப்பை அறிவித்த பிறகே அந்தப் பணம் வந்தது.

2017 ஒக்கி புயலுக்குப் பிறகு, காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களுக்கு ஏழு ஆண்டு காத்திருக்க வைக்காமல் அரசு நிவாரணம் கொடுத்தது. பெரும் பேரிடரென்றால் முடிகிறது. ஒற்றைத் தோணி போனால் முடிவதில்லை. ஆகவே வீட்டில் கடலோடி இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆளிடமிருந்து சேதி நின்றவுடன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், இழப்பீட்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள், ஆயுள் பாலிசிப் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள்.