வெள்ளியின் வெம்மை

பட்டினப்பாலை நடத்துகையில், வெள்ளி தெற்கே சென்றால் மழை பொய்க்கும் என்ற பழைய நம்பிக்கையை விளக்கினோம். அந்தக் கோளே ஓர் உலைதான் என்றும் சேர்த்துக்கொண்டோம். "தொடாமல் சூட்டை எப்படி ஐயா அறிந்தார்கள்?" என்றாள் ஒரு மாணவி. விண்கலம் இறங்கியது என்று மழுப்பினோம்.

அது பாதி உண்மை என்பது பின்னர் படித்தபோதுதான் புரிந்தது. ஸ்புட்னிக்கும் ஏறாத 1956இலேயே, வாஷிங்டன் கடற்படை ஆய்வுக்கூடத்தின் கூரைமேல் இருந்த 50 அடி வட்டில் அலைவாங்கியை வெள்ளியை நோக்கித் திருப்பினர் மேயரும் அவருடைய தோழர்களும். வெப்பமுள்ள எப்பொருளும் வானொலி அலைகளை உமிழும். சூடு ஏற அலையின் வலுவும் ஏறும். ஒளியை மறைக்கும் வெள்ளியின் மேகங்கள் 3 சென்டிமீட்டர் அலைக்கு வழிவிடுகின்றன. கிடைத்த விடை, 300 பாகை செல்சியசுக்கும் மேல்!

அங்கே சதுப்புக் காடுகளைக் கற்பனை செய்திருந்தவர்களுக்கு (பழைய நூலொன்றைப் படித்து நாமும் அவ்வாறே நம்பியிருந்தோம்) இது பேரிடி. அலைகள் தரையிலிருந்தல்ல, மேலே உள்ள அயனி மண்டலத்திலிருந்து வருகின்றன என்றனர் சிலர். அவ்வாறாயின் கோளின் விளிம்பு பிரகாசிக்க வேண்டும். தரையின் சூடெனில் மங்க வேண்டும். 1962 டிசம்பரில் அருகே கடந்த மாரினர் 2, மங்குவதையே கண்டது. 1970இல் தரையிறங்கிய வெனேரா 7 காட்டியது ஏறத்தாழ 475 பாகை.

அடுத்த வகுப்பில் பிழையைத் திருத்திச் சொன்னோம். "அப்படியானால் முதலில் ஏன் குறைவாகக் கிடைத்தது?" என்றாள் அவள். அடர்ந்த கரியமில வாயு அலையின் ஒரு பங்கை வழியிலேயே விழுங்கிவிடுகிறது என்றோம். இம்முறை மழுப்பவில்லை.