எம் கல்லாமையும் கம்பியில்லாக் கருவியும்

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் யாம் கணினியின் உள்ளுறுப்பைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு நண்பர்கள் நகைத்தல் கூடும். நகைப்பராயின் நகைக்க. சென்ற கோடை விடுமுறைத் தொடக்கத்தில், விடுதி அறையில், பழைய மடிக்கணினி ஒன்றின் முன் ஆறு இரவு விழித்திருந்து யாம் கற்ற பாடம் எவ்வகுப்பிலும் கிடைத்திலது. இத்துறையிற் புதியராய் வருவார்க்கு ஒரு சிறிதேனும் பயன்படுமென்று கருதி, அதனை ஈண்டு வரைகின்றோம்.

அக்கணினி, எம் அத்தான் பல்லாண்டு பயன்படுத்தித் தமக்கு வேண்டாவென ஒதுக்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எம் தங்கை கல்லூரிக்கு இணையவழி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை இறுதி நாள். சான்றிதழ்கள் அனைத்தும் அவளிடம் இருந்தன. எம் தந்தையாரிடமோ பேசுதற்கு மட்டுமே பயன்படும் அலைபேசி ஒன்றே உண்டு. அடுத்த வீட்டு ஆசிரியர் தம் இல்லத்து வைஃபையைப் பயன்படுத்திக்கொள்ள அன்புடன் இசைந்திருந்தார். ஆதலின், கணினியைச் சீர்செய்து ஊருக்குக் கொணர்வதாகத் தங்கைக்கு வாக்களித்தோம்.

பழைய இயக்குதளம் ஆமையென ஊர்ந்தமையால் அதனை நீக்கி லினக்ஸை நிறுவத் துணிந்தோம். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த அம்முயற்சி, இன்று உலகெங்கும் பலர் கூடி வளர்க்கும் பெருமரமாய் நிற்பது அன்பர்கள் அறிந்ததே. அதன் கிளைகளுள் ஒன்றாகிய, 2023இல் வெளிவந்த டெபியன் 12 என்பதனை ஒரு பென்டிரைவிலிருந்து நிறுவினோம். ஒரு மணி நேரத்தில் திரை ஒளிர்ந்தது. தமிழெழுத்தும் அழகுறத் தோன்றிற்று. வைஃபைக் குறி மட்டும் எங்குத் தேடியும் காணப்படவில்லை.

திரையிற் கணினி ஏதோ ஒரு முறையீட்டை எழுதியிருந்தது. அதனை யாம் படித்தோமில்லை. அலைபேசியைத் திறந்து, யார் யாரோ எவ்வெக் கணினிக்கோ எழுதிவைத்த கட்டளைகளைப் பொருளறியாது பெயர்த்தெழுதினோம். ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தார். யாமோ இருவர் சொல்லையும் ஒருங்கே நிறைவேற்றினோம். ஞாயிறு இரவு தங்கை தொலைபேசியில், “அண்ணா, வேலை முடிந்ததா?” என்று வினவினாள். தமையன் என்னும் செருக்கு எம் நாவைப் பற்றிக்கொண்டது. “முடிந்துவிட்டது” என்று பொய்யுரைத்தோம்.

செவ்வாய் இரவும் கழிந்தது. புதனன்று, கணிதப் பிரிவிற் பயிலும் நண்பர் ஒருவர்பால் நாணத்துடன் சென்றோம். அவர் கணினியைத் தொடுமுன், “இயந்திரம் உம்மிடம் என்ன சொல்லிற்று?” என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை. எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையை இட்டு, அட்டையின் அடையாள எண் 14இ4:4315 என்று கண்டார். முன்னைய நான்கு குறிகள் அட்டையைச் செய்தவரையும், பின்னைய நான்கும் அட்டையின் வகையையும் குறிக்குமாம். “பெட்டியின் மேல் எழுதியுள்ள பெயரை நம்பற்க, இவ்வெண்ணை நம்புக” என்றார். இவ்வட்டைக்குரிய இயக்கி பி43 என்பது. அட்டையின் நடைமுறையை ஒரு குழுவினர் ஆராய்ந்து எழுதிவைக்க, அவ்வெழுத்தை மட்டுமே கொண்டு வேறு குழுவினர் இயற்றிய இயக்கியின் வழிவந்தது அது. 2008ஆம் ஆண்டில் லினக்ஸின் 2.6.24ஆம் பதிப்பிற் சேர்ந்தது.

அவ்வியக்கி ஏன் எழவில்லை? நண்பர் மோட்புரோப் என்னும் கோப்புறையைத் திறந்தார். அதில், பி43ஐ ஏற்றற்க என்னும் பொருள்பட ஒரு வரி இருந்தது. அதனை எழுதியவர் பிறரல்லர், யாமே! வேறோர் இயக்கியை நிறுவுதற்கு முற்படியாக யாரோ கூறியதைத் திங்களன்று எழுதினோம். அவ்வியக்கியோ நிறுவப்படாமலே போயிற்று. முறையிட்டுக்கொண்டிருந்த கருவியின் வாயை எம் கையாலேயே பொத்திவிட்டு, அது பேசவில்லையென்று வருந்தினோம்.

அவ்வரியை நீக்கிக் கணினியை மீளத் தொடங்கினோம். பின்னர் டிமெஸ்ஜி என்னும் பதிவேட்டை நோக்க, முதல்நாள் முறையீடு மீண்டும் தோன்றிற்று: யூகோடு15 என்னும் நிலைபொருட்கோப்பு இல்லை என்பது. இயக்கி கணினியினுள் இயங்குவது. நிலைபொருளோ அட்டையினுள்ளேயே இயங்குவது. பாகன் ஏறியும் யானை உறங்கினாற் பயனென்ன? டெபியன் 12 நிறுவும்போதே பல அட்டைகளுக்கு உரிய நிலைபொருளை உடன் தருகின்றது. எனினும் இவ்வட்டைக்குரியதைப் பிறர் வழங்க உரிமையில்லாமையின், அதனை இணையத்திலிருந்து பெற்றுப் பிரித்தெடுத்துத் தரும் பொதியை நிறுவல் வேண்டும். அப்பொதி கான்ட்ரிப் என்னும் பகுதியில் உளது; அப்பகுதியை மூலப்பட்டியலில் யாமே சேர்த்தல் வேண்டும்.

இணையம் பெறுதற்கு இணையம் வேண்டுமாயின் என் செய்வது? நண்பர் எம் அலைபேசியை யூஎஸ்பி கம்பியாற் கணினியோடு பிணித்து, அதன் இணைப்பைக் கணினிக்குப் பகிர்ந்தார். பொதி இறங்கிற்று, முறையீடு ஒழிந்தது. எனினும் வைஃபை எழவில்லை! ஆர்எஃப்கில் என்னும் கட்டளையை இட, வன்தடை உண்டு என்று விடை வந்தது. மென்தடையாயின் கட்டளையால் நீங்கும். வன்தடை கையாலன்றி நீங்காது. கணினியின் பக்கவாட்டில் நகத்தளவான தள்ளுவிசை ஒன்று அணைந்திருந்தது. அதனைத் தள்ளினோம். விடுதியின் வைஃபைப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் திரையிற் பூத்தன.

வியாழன் காலை முதற் பேருந்தில் ஊர் சேர்ந்தோம். அன்று மாலையே தங்கை விண்ணப்பத்தை நிறைவு செய்தாள். அதன் பின்னர், ஞாயிறன்று யாம் கூறியது பொய்யென்று ஒப்பினோம். அவள் சினந்திலள். “அண்ணா, அன்றைக்கே சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே நகரத்துக்குப் போய்க் கடையில் விண்ணப்பித்திருப்பேன். நீ சொன்னதை நம்பித்தான் காத்திருந்தேன்” என்றாள். ஆறு இரவின் களைப்பினும் அச்சொல் எமக்குக் கனமாயிருந்தது. புதனன்று நண்பர் அறையில் இல்லாதிருப்பின், அவளது ஓர் ஆண்டு எம் செருக்கிற்கு இரையாகியிருக்கும்.

உடன்பயிலும் அன்பர்காள்! லினக்ஸுக்குப் புதியராய் வருவீராயின், அட்டையின் எண்ணை அறிமின், பதிவேட்டைப் படிமின், ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து, அதனைத் தாளிற் குறித்துக்கொண்மின். தெரியாததைத் தெரியாதென்று, நும்மை நம்பியிருப்பார்க்கு முதல்நாளே கூறுமின். அக்கணினி இன்று தங்கையிடம் உளது. அதன் மூடியின் உட்புறத்தே அவள் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கின்றாள். ‘முதலில் விசையைப் பார்’ என்பது அதில் அவள் எழுதியிருப்பது.