சாக்கில் விளைந்த கிழங்கு

மனிதனுக்கு உணவளிப்பது மண். ஆனால் அந்த மண்ணிலே ஒரு சாண் நிலமேனும் தமக்கெனச் சொந்தமாக இல்லாதோர் பலர் உளர். நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் வாழும் எங்கள் குடும்பமும் அத்தகையதே. உருளைக்கிழங்குச் செய்கைக்குப் பெயர்பெற்ற மாவட்டம் எங்களுடையது. எனினும் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, கொழுந்து பறித்து அம்மா பெற்ற சம்பளத்தில் ஒரு கிலோ கிழங்கு வாங்குவதே கடினமாயிற்று.

அப்போது தாத்தா ஒரு வழி சொன்னார். "நிலம் இல்லாவிட்டால் என்ன? சாக்கு இருக்கிறதுதானே!" என்றார். பழைய உரச் சாக்குகள் நான்கைக் கழுவி, நீர் வடிவதற்கு அடியில் துளையிட்டு, வெயில் படும் வாசலில் வைத்தோம். சாக்கின் வாயைக் கீழே மடித்து, மண்ணும் கூட்டெருவும் கலந்து கால்வாசிக்கு நிரப்பினோம். முளைகண்ட சிறு கிழங்குகளைச் சாக்குக்கு இரண்டாக, முளை மேல்நோக்கி இருக்கும்படி புதைத்தேன்.

உருளைக்கிழங்கு வேரன்று, உணவைச் சேமிக்கும் நிலக்கீழ்த் தண்டு. அதன் கண்கள் எனப்படுபவை அரும்புகளாகும். விஞ்ஞான பாடத்தில் மனனம் செய்த இவ்விடயத்தை என் கைகளாலேயே அறிந்துகொண்டேன். செடி ஒரு சாண் உயர்ந்ததும், நுனி இலைகள் மட்டும் தெரியும்படி மண் அணைத்து, சாக்கின் மடிப்பையும் சிறிது விரித்துவிட்டோம். புதையுண்ட தண்டிலிருந்து கிளைகள் மண்ணுக்குள் ஓடும். அவற்றின் நுனியிலேயே கிழங்கு பருக்கும். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகி நச்சுத்தன்மை அடையும். ஆதலால் மண் அணைத்தல் மிக அவசியமாகும்.

இரண்டாம் மாதத்தில் மூடுபனி விடாது சூழ்ந்தது. ஒரு சாக்கிலிருந்த செடிகளின் இலைகளில் கருந்திட்டுகள் தோன்றிப் பரவின. 1845 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கிழங்குப் பயிரைத் தாக்கிப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்த நோய் இதுவே என்று எங்கள் விவசாய ஆசிரியர் கூறினார். அச்சாக்கைத் தொலைவுக்குக் கொண்டுசென்று செடிகளைப் பிடுங்கி எரித்தோம். தனித்தனிச் சாக்குகளாக இருந்தமையால் அது எளிதாயிற்று.

மூன்றாம் மாத இறுதியில் எஞ்சிய செடிகளின் இலைகள் மஞ்சளாகி வாடின. நீரூற்றுவதை நிறுத்திப் பத்து நாட்களின் பின் சாக்குகளைக் கொட்டினோம். நான்கரைக் கிலோ கிழங்கு இருந்தது! அம்மா பக்கத்துக் காம்பிராவுக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்பினார். தாத்தா முட்டையளவான சிலவற்றை விதைக்கென எடுத்து வைத்தார். "நாற்பது வருடம் தோட்டத்து மண்ணை வெட்டினேன். எனக்கென்று வெட்டி எடுத்தது இதுதான்" என்றார்.

நான்கரைக் கிலோ கிழங்கு ஒரு குடும்பத்துக்கு ஓரிரு வாரங்களுக்கே போதும். நிலமில்லாக் குறையை நான்கு சாக்குகள் தீர்த்துவிடா. ஆயினும் தன் உழைப்பின் விளைவு தனக்கே உரியதாவது எத்துணை பெரிய பேறு என்பதைத் தாத்தாவின் அந்தச் சொற்களே எனக்கு உணர்த்தின.