ஊசி நேராய் இருக்கோ?

போன வைகாசியில் மூன்று சனிக்கிழமைகள் எங்கள் ஸ்காபரோ வீட்டுக் கராஜில் ஒரு பழைய ஹோண்டா சிபி125 உடன் மல்லுக்கட்டினேன். 1970களில் வந்த மோட்டார் சைக்கிள். குளிர்காலத்தில் மலிவாக வாங்கி, காபுரேற்றரைக் கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்டியது நான்தான். ஸ்ராட் ஆகும். சும்மா நிற்கும்போது ஒழுங்காகத்தான் ஓடும். அக்சிலேற்றரைக் கால்வாசிக்கு மேல் முறுக்கினால் இருமி இருமி அடங்கிவிடும்.

அப்பா வாசலில் மடக்குக் கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பார். இரண்டு வருடமாக அவருக்குப் பார்க்கின்சன். கை நடுங்கத் தொடங்கிய பிறகு எந்தச் சாமானையும் தொடுவதில்லை.

"தம்பி, ஊசி நேராய் இருக்கோ எண்டு பாத்தனியோ?"

"பாத்திட்டன் அப்பா."

நான் பார்க்கவில்லை. யூடியூபில் ஒருவர் வேறு ஏதோ சொல்லியிருந்தார்.

மாஸ்டர்ஸ் படித்து, பத்து வருடமாக மென்பொருளில் பிழை பிடிப்பதுதான் என் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். அப்படிப்பட்ட நான் பிளக், எயார் ஃபில்ற்றர், காற்று ஸ்குரூ எல்லாவற்றிலும் ஒரே நாளில் கை வைத்தேன். எது என்ன செய்தது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமையும் அப்பா அதையே கேட்டார். கொஞ்சம் எரிச்சலோடுதான் மேல் மூடியைத் திறந்து ஸ்லைடை வெளியே இழுத்தேன். அவர் சொன்னது சரி.

இந்த ஊசி ஸ்லைடின் நடுவில் தொங்குகிற ஒரு மெல்லிய பித்தளைக் கம்பி. கீழ்ப்பக்கம் கூம்பிப் போகும். அக்சிலேற்றரை முறுக்க ஸ்லைடோடு ஊசியும் மேலே எழும்பும். அது அடைத்திருந்த ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பெற்றோல் கூடும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரைக்கும் பெரும்பாலும் அதன் ஆட்சிதான். ஊசியின் தலையில் வளையம் வளையமாக வெட்டுகள் இருக்கும், எங்களுடையதில் ஐந்து. அதில் ஒன்றில் சின்னக் கிளிப் மாட்டினால் ஊசி அந்த உயரத்தில் நிற்கும். நான் மாட்டிய கிளிப் வெட்டுக்குள் பாதிதான் இறங்கியிருந்தது. மேலே பிடிக்கிற தகடும் சரிந்திருந்தது. ஊசி ஒரு பக்கம் சாய்ந்து உரசி, அந்தப் பக்கம் மட்டும் மினுங்கியது.

"கண்ணாடியிலை உருட்டிப் பார்," என்றார் அப்பா. உருட்டினேன். துள்ளாமல் உருண்டது. "வளையேல்லை. தப்பிட்டாய். கிளிப்பைக் கொண்டா."

அவரே வாங்கினார். மாட்டப் பார்த்தார். கை கேட்கவில்லை. கிளிப் தெறித்து எங்கேயோ விழுந்தது. நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். என் எட்டு வயது மகள்தான் போனின் லைற்றோடு நிலத்தில் படுத்து, பனி தள்ளும் சவளுக்குக் கீழே இருந்து அதை எடுத்தாள்.

"அப்பப்பா, நான் போடட்டா?"

"போடு பிள்ளை. மேலையிருந்து மூண்டாவது வெட்டு."

"வெட்டு எண்டா கட் பண்ணுறதோ?"

அவர் சிரித்து, நகத்தால் காட்டினார். அவள் தமிழில் எண்ணினாள். 'டிக்' என்ற சத்தம் கேட்கும் வரைக்கும் விட வேண்டாம் என்றார். கேட்டது. தகட்டையும் அவரே சொல்லச் சொல்லப் படிய வைத்தாள். ஸ்லைடின் வெட்டிய பக்கம் எயார் ஃபில்ற்றரைப் பார்க்க, அதன் பள்ளம் உள்ளே இருக்கிற முளையில் பொருந்த, நான் இறக்கினேன்.

பிறகு அவள்தான் கேட்டாள், இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று. யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தை அப்பா சொன்னார். காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவார்களாம். புகையும், அடிக்கடி பிளக் கறுக்கும். ஆளாளுக்கு அரை மெக்கானிக்காம். இதெல்லாம் நானும் கேட்ட கதை. அடுத்தது நான் கேட்டதில்லை.

"95 ஐப்பசி முப்பது, இடப்பெயர்வு. அண்டைக்குப் பின்னேரம்தான் காபுரேற்றரைத் துடைச்சுப் பூட்டினனான். அவசரத்திலை ஊசியைச் சரியா வைக்கேல்லை. செம்மணி தாண்ட முதல் மோட்டச்சைக்கிள் நிண்டிட்டுது. மழை, இருட்டு, திறந்து பாக்கேலாது. உன்ரை அப்பாவையும் அப்பம்மாவையும் மேலை இருத்திச் சாவகச்சேரி மட்டும் உருட்டினன்."

எனக்கு அப்போது நான்கு வயது. மழை மட்டும் ஞாபகம்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "ஓடியிருந்தாலும் அந்தச் சனத்துக்குள்ளை ஓட்டியிருக்கேலாது. எல்லாரும் உருட்டிக்கொண்டுதான் போனவை." முப்பது வருடமாக அவர் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அதுவாக இருக்க வேண்டும்.

அப்பப்பாவோடு தமிழில் கதை என்று பிள்ளைகளை நாங்கள் எல்லோருமே துரத்துகிறோம். நானும்தான். வெறும் கதிரையில் இரண்டு பேரையும் இருத்திவிட்டு என்னத்தைக் கதைக்கிறது? அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கிளிப் இருந்தது. அவருக்குத் தெரியும், அவளுக்குக் கை நடுங்காது.

மோட்டார் சைக்கிள் இப்போது இருமுவதில்லை. முன் பிறேக் இன்னும் இறுகிப் போய்க் கிடக்கிறது. நான் திறக்கவில்லை. சனிக்கிழமைக்குக் காத்திருக்கிறேன். அப்பாவின் கதிரை இப்போது வாசலில் இல்லை, உள்ளே, மேசைக்குப் பக்கத்தில்.