புறம்பாக ஒரு சட்டி

யாழ்ப்பாணத்தில் ஒருவன் மீனையும் இறைச்சியையும் விட்டுவிட்டால் ஊர் அவனைப் பற்றிச் சொல்லுகின்ற வார்த்தை ஒன்றுதான்: "அவர் இப்ப சைவம்." சமயமும் சாப்பாடும் பிரிக்க முடியாதபடி இந்த ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கின்றன. கோயில் வாசலை மிதித்துப் பல ஆண்டுகளாகிவிட்ட நானும் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து சைவமாகிவிட்டேன்.

தொடக்கத்தில் அதற்கு உயர்ந்த காரணம் எதுவும் இருக்கவில்லை. நாட்டின் பொருளாதாரம் சரிந்துபோன அந்த மாதங்களில், மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையிலே கிடந்தன. கிடைத்த சொற்ப மீனும் ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டவில்லை. ஏழெட்டு வாரம் மீனின்றி இருந்து பழகிய பின், ஒருநாள் சூடைமீன் வாங்கி வந்து வெட்டத் தொடங்கியபோது கை கூசிற்று. கொள்கை பிறகுதான் வந்தது. வந்த கொள்கைக்கு வேண்டிய நியாயங்களைத் திருக்குறளின் இருபத்தாறாம் அதிகாரத்திலே தேடி எடுத்துக்கொண்டேன். தமிழ் படித்தவனுக்கு இப்படிச் சில வசதிகள் உண்டு.

கொள்கை வந்துவிட்டதற்காக நாக்கு அடங்கிவிடுவதில்லை. காலையில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டால் கால் தானாகவே படலையை நோக்கி நடக்கும். மனைவியும் பிள்ளைகளும் மச்சம் உண்பவர்கள்; குசினியோ ஒன்று. பக்கத்து அடுப்பில் விளைமீன் குழம்பு கொதிக்கையில் பருப்பும் வாழைக்காயும் உண்டு எழுவது ஒரு தனிப் பயிற்சி. பி-12 என்னும் உயிர்ச்சத்தைத் தாவர உணவு தராது, பாலும் தயிரும் விடாமல் சேர்க்கவேண்டும் என்பதையும், சில மாதம் சோர்ந்து திரிந்த பிறகே அறிந்துகொண்டேன். இவையெல்லாம் பெரிய துன்பங்கள் அல்ல. எனக்கு உண்மையான தொல்லை பாராட்டிலிருந்து வந்தது.

"இப்பதான் நீங்கள் எங்கடை பழைய சனம் இருந்தபடி இருக்கிறியள்" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். எந்தச் சனம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆறுமுகநாவலர் (1822–1879) புலாலுண்ணலையும் கோயில்களில் உயிர்ப்பலியிடுவதையும் கடுமையாகக் கண்டித்தவர். அவர் வழிவந்தோம் எனச் சொல்லிக்கொள்ளும் எங்கள் வீடுகள் வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மற்ற நாள்களில் தாராளமாக மீன் தின்ற வீடுகளே. ஆகவே இங்கே சுத்தம் என்பது எதை உண்பது என்பதைக் காட்டிலும், யார் கையால் உண்பதில்லை என்பதையே பெரிதும் குறித்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும் தேநீர்க்கடை வாசலில் போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் வாங்கிக் குடித்த மனிதர்கள், 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அடிபடவேண்டியிருந்தது.

உயிரிரக்கம் பேசுவோரின் அரசியலையும் கண்டோம். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை அனுமதி வழங்கிற்று. வெளிநாட்டில் அறுத்த மாட்டிறைச்சியை இறக்குமதி செய்வதற்கு அதே யோசனையில் இடம் இருந்தது! மாட்டின் மீதுள்ள அன்பா, முஸ்லிம் கடைக்காரர் மீதுள்ள காய்ச்சலா என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டபோது வாய் திறவாதிருந்த ஊர் எங்களுடையது. மாட்டுக்காக அது கண்ணீர் விடும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இடதுசாரி நண்பர்களோ வேறுவிதமாகக் கேலி செய்தார்கள். மரக்கறிக்காரரும் செருப்பணிந்த ஞானிகளும் சேர்ந்து தொழிலாளியைச் சோசலிசத்திலிருந்து விரட்டுகிறார்கள் என்று 1937இலேயே ஜோர்ஜ் ஓர்வெல் சலித்துக்கொண்டார் அல்லவா? அந்தக் கேலியை நானும் சிரித்தபடி ஏற்றுக்கொண்டிருந்தேன், 2023இல் ஒரு வீட்டு முற்றத்தில் போய் நிற்கும்வரை.

என் மாணவி ஒருத்திக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. தகப்பனார் பனையேறிச் சீவல் தொழில் செய்பவர். அந்த மகிழ்ச்சிக்காகக் கூழ் காய்ச்சினார்கள். ஒடியல் மாவும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் முருங்கையிலையும் போட்டு, மீனும் நண்டும் இறாலும் சேர்த்து, ஒரே பெரிய சட்டியில் கொதிக்கின்ற கூழ். சட்டியைச் சுற்றி இருந்து பிலாவிலை கோலிக் குடிப்பது. அதிலே தனிப்பங்கு என்று ஒன்று கிடையாது.

"நான் மச்சம் சாப்பிடுறதில்லை" என்றேன்.

முற்றம் அமைதியாயிற்று. எண்பதைத் தாண்டிய பாட்டனார் என்னை நிமிர்ந்து பார்த்தார். சங்கானைப் பக்கத்துத் தேநீர்க்கடைப் போராட்டங்களில் இளைஞராய் நின்றவர் அவர்.

"அப்ப, தண்ணியெண்டாலும் குடிப்பியளோ?"

குரலில் கோபம் இல்லை. பழகிய ஒரு விடயத்தைச் சரிபார்ப்பவர் போலத்தான் கேட்டார். நான் பிறந்த வீடு, அவரைப் போன்றவர்களைக் கிணற்றுக்கட்டில் ஏறவிடாத வீடு. எங்கள் பாட்டனார் இத்தகைய முற்றங்களில் "இண்டைக்கு விரதம்" என்று சொல்லி உண்ணாமல் தப்பிவந்த கதைகளைச் சிறுவயதில் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்ததும் அதே வசனம்தான். சொல்லிலே மட்டுந்தான் மாற்றம். அதன் பின்னாலிருந்த மனம் வேறு என்பதை அந்த முதியவர் எதைக்கொண்டு அறிவது?

கிணற்றடிக்குப் போய் அள்ளிக் குடித்தேன். குசினிக்குள் இருந்து காலையில் மிஞ்சிய புட்டையும் சம்பலையும் உண்டேன். ஆயினும் வெளியே எல்லோரும் இலை கோலி இருக்க, உள்ளே நான் ஒருவன் கோப்பையுடன் இருந்தேன். ஒருநாள் குடித்திருந்தால் என்ன, என்று நண்பர்கள் கேட்டார்கள். குடித்திருக்கலாம். ஆனால் அவருக்கு முன்னால் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வதற்குக் குடித்ததாகவே அது முடிந்திருக்கும். இரண்டில் எது பெரிய பிழை என்று இன்றுவரை என்னால் நிறுத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு பிள்ளை விடுமுறையில் வந்தபோது மறுபடியும் அழைத்தார்கள். போனேன். அடுப்பில் பெரிய சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியும் இருந்தது.

"இது சேருக்கு. மீன் போட முந்தியே புறம்பா எடுத்து வைச்சனான்" என்றார் பாட்டியார்.

முதியவர் சிரித்தார். "அந்தக் காலத்திலை எங்களுக்குப் புறம்பாப் பேணி. இப்ப சேருக்குப் புறம்பாச் சட்டி!"

அவரே ஒரு பிலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, என் கையில் தந்தார். பாட்டியார் பெரிய சட்டியைத் துழாவிக்கொண்டிருந்த அகப்பையை எடுத்து என் சட்டிக்குள் விட்டார். அந்த வீட்டில் அகப்பை ஒன்றுதான் இருந்தது. நான் இலையை நீட்டினேன்.