பதினாலு பேருக்கு ஒரு மேசை

பதினாலு பேர் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிடணும்னா மேசை எத்தன அடி நீளம் வேணும்? கடையில போயிக் கேட்டா ‘ஆறு பேர் செட்டு, எட்டு பேர் செட்டு’ன்னு ரெண்டு பதில்தான் வச்சிருக்காங்க. அதுக்கு மேல உள்ள சனம் எங்க போய் உக்காரும்னு கேட்டா, “மீதிப் பேரு ரெண்டாவது ரவுண்டு சாப்பிடலாம்ல மேடம்”ங்கறாங்க. அந்த ரெண்டாவது ரவுண்டு என்னன்னு எனக்கு நல்லாவே தெரியும். சோறு திங்கிற எடத்துல யார் உக்காரணும், யார் நிக்கணும், யார் கொல்லைப்பக்கம் போகணும்னு ஊரே அளந்து வச்சிருந்த சனம் நாங்க. அளவுகோல் நம்ம கைக்கு வர்றப்ப கொஞ்சம் நிதானமாத்தான் அளக்கணும்.

எங்க பாட்டி சம்சாரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனா நார்ப்பெட்டியையும் சட்டியையும் இடுக்கிக்கிட்டுத்தான் போகும். நானும் பின்னாலயே ஓடுவேன். பந்தல்ல மொதப் பந்தி, ரெண்டாம் பந்தி, மூணாம் பந்தின்னு இலை போட்டு இலை எடுப்பாங்க. நாங்க தொழுவத்துக்குப் பின்னால குத்த வச்சிருப்போம். பொழுது சாஞ்ச பெறகு ஒருத்தரு வாளியோட வருவாரு. பெட்டியில சோறு விழும், சட்டியில கொழம்பு விழும். தீட்டுப்படாம இருக்கணும்னு கைய ஒசரத் தூக்கி ஊத்துறதால பாதி மண்ணுல சிந்தும். இது 1970-கள் கடைசியில நடந்தது. டீக்கடையிலயும் அதே கததான். பெஞ்சு அவுகளுக்கு, தரை எங்களுக்கு. நாலு பேர் உக்கார்ற பெஞ்சு அது. ஆளே இல்லாமக் காலியாக் கெடந்தப்பவும் எங்க அய்யா அதுல உக்காந்து நான் பாத்ததில்ல.

சேரன்மாதேவி குருகுலத்துல 1924-25-ல நடந்த சண்டையும் சாப்பாட்டு எடத்துல தொடங்குனதுதான். வ.வே.சு. அய்யர் நடத்துன குருகுலம் அது, காங்கிரஸ் பணமும் அதுல போயிருந்துச்சு. அங்க ரெண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. ரெண்டே ரெண்டு பேரு. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அத எதுத்துக் கெளம்புனாங்க. அதுக்கு முன்னாலயே, 1917 மே மாசம், கேரளத்துல செறாயிங்கற ஊர்ல சகோதரன் அய்யப்பன் ஈழவர்களையும் புலையர்களையும் ஒண்ணா உக்கார வச்சு மிஸ்ர போஜனம் நடத்திட்டாரு. அந்தக் குத்தத்துக்கு அவருக்குப் ‘புலையன் அய்யப்பன்’னு பேரு வச்சாங்க. அவரு அதுக்கு வெக்கப்படல. இங்க நம்ம கோயில்கள்ல வருசா வருசம் ஆகஸ்ட் 15-க்குப் பொது விருந்து போடறாங்க. போடட்டும். சாப்பிட்டு எந்திரிச்சுப் போனவங்க அன்னைக்கு ராத்திரி யார் வீட்ல யாரோட உக்காந்து சாப்பிட்டாங்கங்கறதுதான் என் கேள்வி.

மேசையே எதுக்குன்னு ஒருத்தரு கேக்கலாம். சீக்கியர்களோட லங்கர்ல மேசை கெடையாது. எல்லாரும் வரிசையாத் தரையில உக்காந்துதான் சாப்பிடறாங்க. அந்தத் தரை எல்லாருக்கும் ஒரே தரை. எங்களுக்கு வாய்ச்ச தரை அப்பிடியில்ல. அதோட எங்க அம்மா நாப்பது வருசம் சேத்துல நின்னு நாத்து நட்டது. ரெண்டு மூட்டும் தேஞ்சுபோச்சு. சம்மணம் போட்டு உக்காந்தா தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும்.

2019-ல வீடு கட்டி முடிச்சதும் மேசைப் பேச்சு வந்துச்சு. பொங்கலுக்கும் ஏப்ரல் 14-க்கும் அக்கா குடும்பம், தம்பி குடும்பம் எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. “எத்தன பேருக்குச் செய்யணும்?”னு கேட்டா, எங்க வீட்டுக்காரரு வெரல விட்டு எண்ணி “பத்துப் பேரு”ன்னாரு. எனக்குக் கணக்கு ஒதைக்குது. திருப்பி எண்ணச் சொன்னேன். மறுபடியும் பத்துதான். பெறகு நான் எண்ணுனேன். அம்மா, அக்கா, தம்பி பொண்டாட்டி, நான் - பரிமாறுற நாலு பேரு அந்தக் கணக்குலயே வரல. அவரு கெட்ட மனுசன் இல்ல. சாதிய எதுத்து மேடையில பேசுறவருதான். ஆனா சோறு போடுற கை உக்காரும்னு அவரு கண்டதில்ல. அம்மாவே, “எனக்கு எதுக்குடி நாக்காலி, நான் பெறகு சட்டியில இருக்கறத வழிச்சுக்கிறேன்”னுச்சு. தொழுவத்துக்குப் பின்னால காத்துக் கெடந்தது வீட்டுக்குள்ள அடுப்படியா வந்து நிக்குது. எட்டுப் பேர் மேசை வாங்குனா வெளிய நிக்கப்போற ஆறு பேரு யாருன்னு சீட்டுக் குலுக்கிப் பாக்கணுமா என்ன?

கடைய விட்டுட்டு எங்க தெருத் தம்பி ஒருத்தன்கிட்டப் போனேன். ஐ.டி.ஐ.-ல தச்சு வேலை படிச்சவன். எங்க தெருவுல உளியப் பிடிச்ச மொத ஆளு. அவன் சொன்ன கணக்கு லேசான கணக்கு. ஒரு ஆளு கைய மடக்கி நீட்டிச் சாப்பிட ரெண்டு அடி வேணும். பன்னெண்டு அடி நீளம்னா பக்கத்துக்கு ஆறு பேரு, ரெண்டு தலைமாட்லயும் ஒவ்வொருத்தரு, ஆக பதினாலு. அகலம் மூணு அடி. எதிரெதிரா ரெண்டு இலை போட்டா நடுவுல சோத்துப் பானை, கொழம்புச் சட்டி வைக்க எடமிருக்கும். சட்டி நடுவுல இருந்தா அவுகவுக எடுத்துப் போட்டுக்கலாம், ஒருத்தி நின்னு பரிமாற வேண்டியதில்ல. கல்யாண மண்டபத்து மேசை ஒடுக்கமா இருக்கறது, ஒரு பக்கம் மட்டும் உக்கார வச்சு எதிர நின்னு பரிமாறத்தான். ஒசரம் முப்பது அங்குலம், நாக்காலி பதினெட்டு அங்குலம்.

வட்ட மேசைன்னா தலைமாடு, கால்மாடுன்னு பேச்சே வராதேன்னு எனக்கு ஒரு ஆச இருந்துச்சு. தம்பி சிரிச்சான். அஞ்சு அடி வட்டத்துல எட்டுப் பேரு உக்காரலாம். பதினாலு பேருக்குச் சுத்தளவு இருபத்தெட்டு அடி வேணும், அப்ப குறுக்களவு ஒம்பது அடி. “நடுவுல இருக்கற கொழம்ப எடுக்க மேசை மேல ஏறித்தான் நடக்கணும் அக்கா”ன்னான். எங்க ஹாலு இருபதுக்குப் பன்னெண்டு. நாக்காலிய இழுத்து உக்காரவும் பின்னால ஒரு ஆளு போகவும் சுவத்துக்கும் மேசைக்கும் நடுவுல மூணு அடியாச்சும் விடணும். ஒம்பது அடி வட்டத்தப் போட்டா ஒண்ணரை அடிதான் மிஞ்சும். நீள மேசைக்கு தாராளமா நாலு அடி கெடைக்குது.

பன்னெண்டு அடிப் பலகை வாசல்ல நொழைஞ்சு திரும்பாது, நடுவுல தொய்யவும் செய்யும். அதனால ஆறு அடியில ரெண்டு மேசையாச் செஞ்சு அடியில போல்ட்டு போட்டு இணைச்சிரலாம்னான். அதக் கேட்டதும் அத்தான், “ரொம்ப நல்லது, ஆம்பளைகளுக்கு ஒண்ணு, பொம்பளைகளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுக்கூடப் போட்டுக்கலாம்”னாரு. வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வரல. வேப்ப மரத்த அறுத்து ஆறு மாசம் காய வச்சுச் செஞ்சோம். ஒரு பக்கம் ஆறு நாக்காலி, இன்னொரு பக்கம் நீளப் பெஞ்சு. நாக்காலி இத்தன பேருன்னு எண்ணிப் பேசும், பெஞ்சு அப்பிடிப் பேசாது. ஒண்ணரை அடிக்கு ஒருத்தரா நெருங்குனா அதுல எட்டுப் பேரு உக்காரலாம்.

நான் வேல பாக்குற பள்ளிக்கூடத்துல இருந்து ரெண்டு டீச்சருங்க வீடு பாக்க வந்தாங்க. மேசையத் தடவிப் பாத்து, “எவ்வளவு பெருசு!”ன்னாங்க. சோறு ஆக்கி வச்சிருந்தேன். ஒருத்திக்கு வயித்துக்குச் சரியில்ல, ஒருத்திக்கு விரதம். மூடி ஒடைக்காத பாட்டில்ல கலர் மட்டும் குடிச்சாங்க. அது வியாழக்கெழமை. மறுநாள் வெள்ளிக்கெழமை ரெண்டு பேரும் பக்கத்துத் தெருவுல இன்னொரு டீச்சர் வீட்ல சாப்பிட்ட கதைய ஸ்டாஃப் ரூம்ல என் முன்னாலயே பேசிச் சிரிச்சாங்க. பதினாறு அடியில செஞ்சிருந்தாலும் அவுங்களுக்கு அதுல எடம் பத்தியிருக்காது.

2023 ஏப்ரல் 14-க்கு பதினேழு பேரு. மாட்டுக்கறிக் கொழம்பு, சோறு, ரசம். எல்லாச் சட்டியையும் கொண்டாந்து நடுவுல வச்சிட்டு அம்மாவ அடுப்படிப் பக்கத்துத் தலைமாட்ல உக்கார வச்சோம். அது அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் “உப்பு எடுத்தாரேன்”னு எந்திரிக்கப் பாத்துச்சு. தம்பி பொண்டாட்டி தோளப் பிடிச்சு அழுத்தி உக்கார வச்சா. உப்ப அத்தான் போயி எடுத்துட்டு வந்தாரு. எங்க இருக்குன்னு தெரியாம ரொம்ப நேரம் டப்பா டப்பாவாத் தொறந்து பாத்தாரு.

ரெண்டு மேசையையும் பிரிக்கிற ஸ்பேனர் என் பீரோவுலதான் இருக்கு. போன பொங்கலுக்கு அத்தான் கேட்டாரு, நான் குடுக்கல.