ஊருக்குப் பசிக்கும் நேரம்

போன மாதம் ஒரு ராத்திரி எட்டரை மணி இருக்கும், பேத்தி போன் செய்தாள். நிலவியல் படிக்கிறாள். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்துக்கு வெளியே கூடாரம் போட்டுப் பத்து நாள் களப்பயிற்சி. மூன்றாம் நாளே குரல் இறங்கிவிட்டது.

“தாத்தா, கூட வந்த சமையல்காரருக்குக் காய்ச்சல்னு ஊருக்குப் போயிட்டார். நாங்க பதினாலு பேர். நடந்து போற தூரத்துல ஒரு கடைகூட இல்ல. போன்ல தேடிப் பாத்துட்டோம், ஒண்ணும் காட்டல. ரெண்டு நாளா பிஸ்கட்டும் நூடுல்ஸும்தான்.”

“ஊர் எவ்வளவு தூரம் கண்ணு?”

“ஒரு கிலோமீட்டர் இருக்கும்.”

“அந்த ஊர்ல ரெண்டு நாளா யாருமே சாப்பிடலையா?”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறக்குறைய அவள் வயதில், அதே மண்ணில், அதே பசியோடு படுத்தவன் நான்.

காரைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். செம்மண்ணும் காவியும் மஞ்சளுமாக மழை அறுத்துப் போட்ட ஓடைகள், மரமில்லாத மேடுகள். வெயிலில் ஜிப்சம் பளபளக்கும். குனிந்து பார்த்தால் துப்பாக்கித் தோட்டா போலக் கல்லாகிக் கிடக்கும் பெலம்னைட். கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தம் அது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பக்கத்துப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதிய அறிக்கை 1862இல் வந்தது. அன்றிலிருந்து உலகத்தில் எங்கே இந்தப் பாறைகளைப் பற்றிப் பேசினாலும் நம் ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

எழுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே கேம்ப் போட்டோம். பகலெல்லாம் சுத்தியலும் காம்பஸும் வரைபடமுமாக நடப்போம். பத்துக் கோடி ஆண்டுக்கு முன் அந்தக் கடலில் எது எதைத் தின்றது என்று சொல்லத் தெரிந்தது. அன்று காலை அந்த ஊர் என்ன தின்றது என்று மட்டும் தெரியவில்லை. இரவு எட்டு மணிக்கு டார்ச் லைட்டோடு ஊருக்குள் போய், “இங்க ஓட்டல் எங்க இருக்கு?” என்று கேட்போம். பெரியவர் ஒருவர் கையை நீட்டிப் பெரம்பலூர் இருக்கும் திசையைக் காட்டுவார். திரும்பி வந்து அவல் நனைத்துத் தின்றுவிட்டுப் படுப்போம்.

கேள்வி தவறு என்று புரிய ஒரு வாரம் ஆயிற்று.

கிராமத்தில் “ஓட்டல் எங்கே” என்றால் டவுனைத்தான் காட்டுவார்கள். அவர்கள் மனத்தில் ஓட்டல் என்பது போர்டு, மேஜை, மின்விசிறி. பலகை இல்லாத திண்ணையில், விறகடுப்பில் இட்லிக் கொப்பரை வைத்திருக்கும் அம்மாளை அவர்கள் ஓட்டல் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் கேள்வியை மாற்று. பால் சொசைட்டியில் கேனோடு நிற்பவரிடம், தபால்காரரிடம், டிப்பர் லாரி டிரைவரிடம், “நீங்க காலையில எங்க சாப்பிட்டீங்க?” என்று கேள். பதில் உடனே வரும். சில சமயம் கூடவே வந்து காட்டிவிட்டும் போவார்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்த ஊருக்கு எப்போது பசிக்கிறது?

நகரத்தில் எந்த நேரம் பசித்தாலும் எவராவது ஒருவர் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கிராமத்தில் அப்படி இல்லை. பால் கறந்து ஊற்றும் நேரத்துக்கு, விடிவதற்கு முன்னால், டீக்கடை பாய்லர் கொதிக்கும். ஆறரையிலிருந்து எட்டரைக்குள் இட்லி. ஒன்பதுக்கு மேல் ஊர் காலி. பருத்தி எடுக்க, சின்ன வெங்காயம் அறுக்க, கடலைக்குக் களை வெட்ட எல்லாரும் தூக்குச் சட்டியோடு காட்டுக்குப் போய்விடுவார்கள். மதியச் சோறு காட்டில்தான் இருக்கும், ஊரில் தேடினால் கிடைக்காது. நாலு மணிக்கு டீக்கடையில் வடையும் போண்டாவும். ஏழு மணிக்கு ரோட்டு முனையில் பரோட்டாக் கல் சூடேறும், எட்டரைக்குள் ஆறிவிடும். நாங்கள் எட்டு மணி வயிற்றோடு போய், அடுப்பு அணைந்த ஊரில் நின்றுகொண்டு, சோறே இல்லாத ஊர் என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

நேரம் போலவே நாளும் உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் அப்போது வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், விசேஷ நாட்கள் தனி. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றி இலை போட இடமிருக்காது. நாங்கள் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அங்கே போய் நின்றோம். பூட்டிய கதவையும் படுத்திருந்த நாயையும் பார்த்துவிட்டு வந்தோம். சந்தை நாள் தெரிந்தவன் பட்டினி கிடக்கமாட்டான் என்று எங்களோடு மூட்டை தூக்கி வந்த கலாசி ஒருவர் சொல்வார். காலண்டரில் அரசு விடுமுறையைப் பார்ப்பதற்கு முன் அந்த வட்டாரத்துச் சந்தைக் கிழமைகளை எழுதி வைத்துக்கொள்வது அவரிடம் கற்றது.

நடக்கிற தூரம் என்றால் எவ்வளவு என்பதற்கும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. போக அரை மணி, அதாவது இரண்டு கிலோமீட்டர். இருட்டில் வரப்பில் நடப்பதானால் அதிலும் பாதி. பசியோடு போகிற தூரத்தை நிறைந்த வயிற்றோடு திரும்பி நடக்க வேண்டும் என்பதைக் கூடாரம் போடும்போதே நினைத்துக்கொள். காலையும் இரவும் ஊரில் சாப்பிடு. மதியத்துக்குப் புளிச்சோறு கட்டித் தரச் சொல்லிக் கையோடு எடுத்துப் போ. அது மாலைவரை கெடாது, தேங்காய்ச் சட்னி கெட்டுவிடும். கண்முன்னால் ஆவி பறக்க வருவதைத் தின்னு, தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்துக் குடி. கடையின் தோற்றத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. கூட்டம் வந்து சீக்கிரம் தீர்ந்துபோகிற கடையில் பழையது மிஞ்சாது.

இவ்வளவும் சாமர்த்தியம். இது தெரிந்தால் வயிறு நிறையும். இதை மட்டும் சொல்வதானால் போனிலேயே முடித்திருப்பேன்.

காரையில் அப்படிக் கேட்டு ஓர் ஆயாவின் இட்லிக் கடையைக் கண்டுபிடித்த மறுநாள் காலை ஆறரைக்கு நாங்கள் எட்டுப் பேரும் போய் உட்கார்ந்தோம். ஒரு வாரப் பசி. ஆளுக்குப் பத்து இட்லி, பன்னிரண்டு இட்லி. ஆயா ஈடு ஈடாக இறக்கிக்கொண்டே இருந்தார். இலையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை கழுவும்போது களை வெட்டப் போகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தூக்குச் சட்டியை நீட்டினார்கள். மாவுப் பாத்திரத்தை ஆயா சாய்த்துக் காட்டினார். காலி.

நான் பெருமையாகப் பத்து ரூபாய்த் தாளை நீட்டினேன். அந்தக் காலத்தில் அது பெரிய தாள். “சில்லறை நீங்களே வெச்சுக்குங்க ஆயா” என்றேன்.

அவர் தாளைத் தொடவில்லை. “காசு குடுத்தா எல்லாச் சோறும் உங்களுதாயிடுமா தம்பி? அவளுவ சாயங்காலம் வரைக்கும் வெயில்ல நிக்கணும். வரப்போறேன்னு நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு படி கூட ஊறப் போட்டிருப்பேன்ல?” என்றார்.

அந்தப் பெண்கள் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் எங்கள் இலைகளைப் பார்த்தாள். இரண்டு மூன்று இலைகளில் பாதி இட்லி மீந்து கிடந்தது.

இட்லி மாவு நினைத்தவுடன் வராது. அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும், ஆட்ட வேண்டும், ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டும். அந்த ஆயா உரலில் கையால் ஆட்டுகிறவர். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பது அவருக்கு முகம் முகமாகத் தெரியும். அந்தக் கணக்கில் நாங்கள் இல்லை. கணக்கில் இல்லாதவன் தின்றால் கணக்கில் இருக்கிற ஒருவருக்குக் குறையும். நகரத்துக் கடையில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. அங்கே குறைவது யாருக்கு என்று பார்க்க முடியாத தூரத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று சாயங்காலம் போய், “நாளைக்கு எட்டுப் பேரு, ஆளுக்கு ஆறு இட்லி” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ ஊரில் கேம்ப் போட்டிருக்கிறேன். முதல் நாள் மாலையில் ஆள் கணக்குச் சொல்லாமல் எந்த ஊரிலும் கை நனைத்ததில்லை.

அடுத்ததை இதுவரை வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை. வேறொரு மாவட்டம், வேறொரு ஊர். பெயர் வேண்டாம்.

கூடாரத்திலிருந்து பத்து நிமிஷ நடையில் நல்ல கடை. சுடச்சுட டீ, மொறுமொறுவென்று வடை. எங்களோடு கலாசிகள் இரண்டு பேர். மூட்டை தூக்கி, சங்கிலி பிடித்து, பாம்பு பார்த்துச் சொல்லி, எங்களை முழுசாகத் திருப்பிக் கூட்டி வருகிறவர்கள். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவர்கள் இருவரும் வாசலிலேயே நின்றார்கள். கூரை எரவாணத்தில் செருகியிருந்த இரண்டு கண்ணாடி கிளாஸைத் தாங்களே எடுத்தார்கள், தாங்களே கழுவினார்கள், தூக்கி ஊற்றிய டீயை வாங்கிக் குடித்தார்கள். யாரும் சொல்லாமலே நடந்தது. அவர்கள் எந்தத் தெரு என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுவரை கேட்கத் தோன்றியதே இல்லை.

தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955இலேயே வந்துவிட்டது. நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது அதற்கு இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து. எனக்குச் சட்டம் தெரியும். அரசாங்க முத்திரை போட்ட அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தது. இருந்தும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. வடை நன்றாக இருந்தது. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் மூத்த கலாசி, “நீங்க போய்ட்டு வாங்க சார், எங்களுக்குப் பசியில்ல” என்றார்.

ஆறு மைல் நடந்துவிட்டு வந்த மனுஷனுக்குப் பசியில்லையாம்.

அன்று நான் கடைக்குப் போகவில்லை. அது ஒன்றும் பெரிய வீரம் இல்லை, கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கிற தைரியம் அப்போதும் வரவில்லை. கல் கூட்டி உலை வைத்தோம். அரிசி குழைந்துவிட்டது, ரசத்தில் உப்பு கூடிவிட்டது. எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து தின்றோம். மூத்த கலாசி இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டார். அடுத்த ஊரிலிருந்து கடைக்குள் நுழையும் முன்பே, “நாங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காருவோம், சரிதானே?” என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் சரி என்பார்கள். சில இடத்தில் முகம் மாறும். அங்கிருந்து வெளியே வந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் நடந்திருக்கிறோம்.

அதனால் நல்ல சாப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்கு ருசி இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். நான் தின்றதால் எவருக்காவது குறைந்ததா, என்னோடு வந்தவர் எவராவது வெளியே நின்றாரா என்பதுதான் முதலில். இரண்டுக்கும் இல்லை என்று சொல்ல முடிந்தால் கம்மங்கூழும் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் போதும், அது விருந்து. சொல்ல முடியாவிட்டால் அந்த மொறுமொறு வடைதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு அது செரிக்கவில்லை.

ஒரு குறையும் இருக்கிறது. ஊட்டத்தூரும் காரையும் பாறைக்குப் பெயராகிப் புத்தகங்களில் நிலைத்துவிட்டன. அங்கே எனக்கு மூன்று மாதம் இட்லி போட்ட ஆயாவின் பெயர் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் பையில் கட்டியவன், அவர் பெயரைக் கேட்காமலே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேத்தியிடம் அன்று ராத்திரி இவ்வளவையும் சொல்லவில்லை. பசியோடு இருக்கிற பிள்ளையிடம் பாடம் நடத்தக் கூடாது. கேள்வியை மாற்றிக் கேட்கச் சொன்னேன், ஊருக்குப் பசிக்கும் நேரத்தைச் சொன்னேன், இட்லி தீர்ந்துபோன கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்லி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“தாத்தா, கெடைச்சிருச்சு! போர்டே இல்ல. மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு அக்கா இட்லி போடறாங்க. பேரும் கேட்டு எழுதிக்கிட்டேன். நாளைக்குப் பதினாறு பேருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“பதினாலு பேருன்னுதானே சொன்ன?”

“வேன் டிரைவர் அண்ணன் இருக்காருல்ல? அப்புறம் ஓடைக்கு வழிகாட்ட ஊர்லேர்ந்து ஒரு பெரியவர் வராரு. அவங்கள விட்டுட்டு எப்படித் தாத்தா?”